மணலில் பந்து எழும்பாது

லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் ஒருகாலத்தில் ஒரு கூடைப்பந்து வளையம் இருந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. நான் அந்த ஊருக்கு முதல்முறை போவதற்குள் அது துருப்பிடித்து விழுந்து, யாரோ பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தார்கள். பீப்பாயின் இரும்பு வளையம் ஒன்றைச் சவுக்குக் கம்பத்தில் கம்பியால் கட்டி, கிழிந்த வலைத் துண்டு ஒன்றை அதில் தொங்கவிட்டிருந்தார்களாம். பின்பலகை கிடையாது. ஒருபக்கம் கடல், இன்னொரு பக்கம் நடந்துபோகிற தூரத்தில் பழவேற்காடு ஏரி. கீழே முழுக்க மணல்.

கூடைப்பந்து ஆடியவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரும். மணலில் எப்படிப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது? முடியாது. சர்வதேச விதிப்படி, 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விட்ட பந்து ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி வர வேண்டும். அதே பந்தை மணலில் விட்டால் தொப்பென்று விழுந்து அங்கேயே கிடக்கும். அந்த ஊர்ப் பையன்கள் இதற்கு மாற்றுவழி எதுவும் தேடவில்லை. தட்டுவதையே விட்டுவிட்டார்கள். பந்து கைக்கு வந்தால் நின்றுவிட வேண்டும், உடனே இன்னொருவனுக்கு எறிய வேண்டும். அதுதான் அவர்கள் ஆட்டம்.

இதை எனக்குச் சொன்னவன் அந்த மணலில் ஆடி வளர்ந்த என் கல்லூரி நண்பன். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டான், போடவில்லை. 2008இல் நாங்கள் இருவரும் ஒரே பொறியியல் கல்லூரியின் அணியில் இருந்தோம். அவன் மெக்கானிக்கல், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். நான் பாயின்ட் கார்ட், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் கொண்டுபோகிறவன். உண்மையைச் சொன்னால், தட்டிக்கொண்டே இருக்கிறவன். அவன் எனக்கு நேரெதிர். பந்து அவன் கையில் ஒரு நொடிகூடத் தங்காது. எறிந்த பிறகுதான் யாருக்கு எறிந்தான் என்பதே நமக்குத் தெரியும். வாங்கியவனுக்கும் அப்போதுதான் தெரியும். இரண்டு மூன்று முறை என் முகத்தில் வாங்கியிருக்கிறேன்.

அவனுக்கு டிரிப்ளிங் வராது. சுத்தமாக வராது. சிமெண்ட் தரையில் பந்து திரும்பி மேலே வருவதே அவனுக்கு ஏதோ மரியாதைக் குறைவு மாதிரி தோன்றும்போல. இரண்டு கையாலும் பந்தைத் தரையில் அழுத்துவான், பிடிப்பான், மறுபடி அழுத்துவான். கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டியின் அரையிறுதியில் அதைத்தான் செய்தான். இருவர் அவனை மறித்தார்கள், எறிய ஆளில்லை. ஒருமுறை தட்டிப் பிடித்தான், மறுபடி தட்டினான். விசில். நடுவர் இரண்டு உள்ளங்கைகளையும் கீழே பார்த்தபடி மாறிமாறி ஆட்டினார். டபுள் டிரிப்பிள். அடுத்த நிமிடம் ஓடிவந்து ஒரு பாஸை வாங்கினான், வேகம் அடங்காமல் இரண்டடி வைத்துவிட்டுத்தான் எறிந்தான். மறுபடி விசில். நடுவர் இரண்டு முஷ்டிகளையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டினார். டிராவலிங். கூட்டம் சிரித்தது. கோச் அவனை வெளியே எடுத்தார். நாங்கள் தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோச் என்னிடம் கேட்டார், "அவன் விஷயத்துல என்னடா பண்ணலாம்?" நான் சொன்னேன்: "சார், அவனுக்கு டிரிப்ளிங் வராது சார். மீன்காரன் கை. பிடிச்சா விடாது." முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் பின்சீட்டில் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் பயிற்சிக்கு அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அணியில் அவன் இடத்துக்கு என் அறை நண்பன் வந்தான்.

பதினைந்து வருடத்துக்கு மேல் இதை நான் பெரிதாக நினைக்கவில்லை. நினைக்க வைத்தது ஒரு அற்பச் சண்டை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு அரைக் கோர்ட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "அங்கிள், அது கேரி" என்றான். பந்தைத் தட்டும்போது என் கை பந்துக்கு அடியில் போய்விடுகிறதாம். நான் இல்லை என்றேன். அவன் ஆமாம் என்றான். வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தைத் திறந்தேன். மென்பொருள்காரனுக்கு இது ஒரு வியாதி. எவனாவது தப்பு என்று சொன்னால், முதலில் ஸ்பெசிஃபிகேஷனில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். பையன் சொன்னது சரி. ஆனால் நான் அங்கே நிற்கவில்லை. இந்த விதி எப்போது வந்தது, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பின்னாலேயே போய், இரவு இரண்டு மணிக்கு 1891இல் போய் நின்றேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி. குளிர்காலம், வெளியே விளையாட முடியாது. உள்ளே பதினெட்டு பேர் கொண்ட ஒரு வகுப்பு உடற்பயிற்சி என்ற பேரில் கையைக் காலை ஆட்டி அலுத்துப்போய், ஆசிரியர்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. பள்ளியின் உடற்கல்வித் தலைவர் லூதர் குலிக், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியரிடம் அந்த வகுப்பை ஒப்படைத்து, இரண்டு வாரத்தில் இவர்களுக்கு ஒரு உள்ளரங்க விளையாட்டைக் கண்டுபிடி என்றார். நைஸ்மித் ரக்பி, கால்பந்து, லக்ராஸ் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து பார்த்தார். ஆளுக்கு ஆள் அடிபட்டதுதான் மிச்சம்.

அதன்பின் அவர் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரக்பியில் ஏன் ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள்? பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறான், அதனால். ஓடவிடாமல் செய்துவிட்டால்? தள்ள வேண்டிய அவசியமே இல்லை. அடிதடியை ஒழிக்க அவர் அடிதடிக்குத் தடை போடுவதோடு நிற்கவில்லை, அதன் காரணத்தையே பிடுங்கினார். 13 விதிகளை எழுதினார். மூன்றாவது விதிதான் மொத்த ஆட்டத்தின் அச்சாணி: பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். கூடவே ஒரு சின்னச் சலுகை. வேகமாக ஓடிவரும்போது பந்தைப் பிடித்தவன் நிற்க முயற்சி செய்தால், அவனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த டிசம்பரில் காவலாளி தேடிக் கொடுத்த இரண்டு பீச் பழக் கூடைகளை மாடத்தில் ஆணியடித்து, ஒரு கால்பந்தை வைத்து முதல் ஆட்டம் நடந்தது. பக்கத்துக்கு ஒன்பது பேர். மொத்தத்துக்கும் ஒரே ஒரு கூடைதான் விழுந்தது.

13 விதிகளையும் மறுபடி மறுபடி படித்தேன். டிரிப்ளிங் என்ற ஒன்று அதில் எங்குமே இல்லை. தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. அப்படி ஒன்றை நைஸ்மித் யோசிக்கவே இல்லை. பந்து கையில் வந்தால் நிற்க வேண்டும், உடனே இன்னொருவனுக்கு எறிய வேண்டும். இந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று யோசித்தபோதுதான் எனக்கு லைட்ஹவுஸ் குப்பம் ஞாபகம் வந்தது.

அப்புறம் டிரிப்ளிங் எங்கிருந்து வந்தது? இரண்டு விதிகளுக்கு நடுவே இருந்த சந்திலிருந்து வந்தது. மூன்றாவது விதி பந்தோடு ஓடாதே என்றது. இரண்டாவது விதி, பந்தை ஒரு கையாலோ இரு கையாலோ எந்தத் திசையில் வேண்டுமானாலும் தட்டலாம், முஷ்டியால் மட்டும் குத்தக்கூடாது என்றது. தட்டியவனே மறுபடி அந்தப் பந்தைத் தொடக்கூடாது என்று எவரும் எழுதவில்லை. மறிக்கப்பட்ட ஆட்டக்காரன் ஒருவன், எறிய ஆள் இல்லாமல், வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டான். தவறவிட்ட பந்து யாருடையதும் இல்லை. ஓடிப்போய் எடுத்துக்கொண்டான். தரையில் உருட்டினார்கள், தலைக்கு மேல் தூக்கிப்போட்டு ஓடிப் பிடித்தார்கள், தரையில் அடித்துப் பிடித்தார்கள். எங்கள் தொழிலில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். தனித்தனியாகச் சோதித்தால் இரண்டு பகுதியும் சரியாக வேலை செய்யும், சேர்த்து வைத்தால் எழுதியவன் நினைக்காத மூன்றாவது ஒன்று பிறக்கும். அது பிழையா, புது வசதியா என்பது மேலாளரின் மனநிலையைப் பொறுத்தது.

1890களின் பின்பாதியில் யேல் பல்கலைக்கழக அணி இதை ஒரு தாக்குதல் முறையாகவே ஆடத் தொடங்கியது. அன்றைய பந்தை நினைத்துப் பாருங்கள். தோல் பந்து, மேலே ஷூ போலக் கயிறு கட்டியிருக்கும். கயிறு கட்டிய பக்கம் தரையில் பட்டால் எந்தத் திசையில் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதை வைத்துத் தட்டினார்கள்.

அதன் பிறகு முப்பது வருடம் விதி எழுதுகிறவர்கள் இந்தச் சந்தை அடைப்பதும் திறப்பதுமாக இருந்தார்கள். 1898இல், தட்டுகிறவன் இரண்டு கையாலும் ஒருமுறைக்கு மேல் பந்தைத் தொடக்கூடாது என்றார்கள். 1901இல், ஒரே ஒரு முறைதான் தட்டலாம், தட்டியவன் கூடைக்கு எறியவும் கூடாது, இன்னொருவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். 1908இல் மனம் மாறி, தட்டியவனும் கூடைக்கு எறியலாம் என்றார்கள், ஆனால் தட்டல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நிறுத்திப் பிடித்துவிட்டு மறுபடி தட்டினால் தவறு. டபுள் டிரிப்பிள் என்ற குற்றம் அந்தக் கல்லூரி விதிகளில் அப்போதுதான் பிறந்தது. அதே காலத்தில் காசுக்கு ஆடிய தொழில்முறை அணிகள் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கோர்ட்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, கூண்டுக்குள் இரு கையாலும் தட்டி, பிடித்து, மறுபடி தட்டி, எதிராளியை இடித்துக்கொண்டு முன்னேறினார்கள். 1925இல் தொடங்கிய அமெரிக்கத் தொழில்முறை லீக்தான் அந்த இருகைத் தட்டலை ஒழித்தது. அரையிறுதியில் என் நண்பன் ஆடியது அந்தக் கூண்டு ஆட்டத்தை.

பெண்களுக்குத் தனிக் கதை. ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் 1892லேயே தன் மாணவிகளுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அவருடைய விதிகளில் மூன்று முறைக்கு மேல் தட்டக்கூடாது, மூன்று நொடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது, பிடுங்கக்கூடாது. இங்கிலாந்துக்குப் போன கிளையோ தட்டலை அறவே வெட்டிவிட்டு நெட்பால் ஆனது. நெட்பாலில் இன்றும் பந்தோடு நகர முடியாது, மூன்று நொடிக்குள் எறிந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடியது இதைத்தான். ஆறடிக்கு மேல் பத்து அங்குலம் போல உயரம். 2018இல் இலங்கை அணி ஆசியக் கோப்பையை வென்றபோது அதன் தூண், 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் மற்ற எவரையும்விட அதிகக் கோல். அவர் ஆடும் காணொளிகளைப் பாருங்கள். பந்து அவர் கைக்கு வரும், நிற்கும், போகும். நைஸ்மித்தின் மூன்றாவது விதி இன்னும் உயிரோடு இருக்கிறது, தமிழ் பேசுகிறது.

1927இல் அமெரிக்காவில் டிரிப்ளிங் கிட்டத்தட்டச் செத்தே போனது. விதிகளை முடிவு செய்யும் கூட்டுக் குழு, இனி ஒரே ஒரு தட்டல்தான் என்று முடிவெடுத்தது. விஸ்கான்சினின் பயிற்சியாளர் வால்டர் மீன்வெல் அதற்குப் பின்னால் இருந்தார். அவர் ஆட்டம் முழுக்கக் குறுகிய பாஸ்கள். ஐந்து பேரின் ஆட்டத்தை ஒருவன் தட்டித் தட்டி விழுங்கிவிடுகிறான் என்பது அந்தத் தரப்பின் வாதம். என்னை நேரில் பார்த்திருந்தால் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார்கள். எதிர்த்து எழுந்தவர் கான்சாஸின் ஃபாக் ஆலன், நைஸ்மித்திடமே ஆடிப் பழகியவர். நாடு முழுக்கப் பயிற்சியாளர்களைத் திரட்டி அந்த ஆண்டே ஒரு சங்கத்தை உருவாக்கினார். தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. நைஸ்மித்துக்கும் தட்டல் பிடித்துத்தான் இருந்தது. தன் விதியின் ஓட்டையில் முளைத்த ஒன்றை ரசிக்கத் தெரிந்த மனிதர்.

சென்னைக்கு இது வந்த வழியைப் பார்ப்போம். நைஸ்மித்தின் அந்தப் பதினெட்டு பேரில் ஒருவரான டங்கன் பேட்டன் 1894லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டார். அவர் கொண்டுவந்திருக்கக்கூடியது தட்டலுக்கு இன்னும் விதியே இல்லாத ஆட்டம். சென்னையில் இந்த ஆட்டம் வேர்பிடித்தது அதற்கு வெகுநாள் பின்னால், ஹாரி குரோ பக் வழியாக. அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1919இல் சென்னைக்கு வந்தார், 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போனார். 1943இல் இங்கேயே இறந்தார். அவர் பள்ளி நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் கழுத்தில் விசிலோடு நின்ற பி.டி. மாஸ்டர் என்ற உருவத்தில் பாதி அங்கே உருவானது. என் பள்ளி மாஸ்டரும் நந்தனத்துக்காரர்தான். வெள்ளை கேன்வாஸ் ஷூ, காலையில் ஐந்தரை மணிக்கு கிரவுண்டில் இருப்பார்.

பக் வந்தபோது 1908இன் திருத்தம் பழைய கதையாகியிருந்தது. அதாவது சென்னைக்கு வந்த கூடைப்பந்து தட்டலோடும், டபுள் டிரிப்பிள் என்ற குற்றத்தோடும் சேர்ந்தே வந்தது. நாங்கள் அதைச் சண்டையாகப் பார்க்கவில்லை, இலக்கணமாகப் பார்த்தோம். மாஸ்டர் முதல் நாளே சொன்னது: நிறுத்தினா நிறுத்தினதுதான். அதற்குப் பின்னால் முப்பது வருட வாக்குவாதம் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாஸ்டருக்கும் தெரிந்திருக்காது. இன்னொன்றும் சேர்ந்து வந்தது, தரை. தட்டல் உள்ள கூடைப்பந்துக்குச் சமமான, கெட்டியான தரை வேண்டும். தரை வேண்டுமென்றால் இடம் வேண்டும், சிமெண்ட் வேண்டும், அதைப் போட்டுத்தர ஒரு பள்ளி நிர்வாகம் வேண்டும். தமிழ்நாட்டில் யார் நன்றாகத் தட்டுவார்கள் என்பது பெரும்பாலும் பத்து வயதில் அவர்களுக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது என்ற கணக்குதான். நான் நன்றாகத் தட்டினேன்.

விதிகள் அதோடு ஓயவில்லை. பிரச்சினை எப்போதும் ஒரே இடத்தில்தான்: பந்து எப்போது கையில் 'இருக்கிறது'? தட்டும்போது கை பந்தின் மேல் இருந்தால் அது தட்டல். கை பக்கவாட்டில் இறங்கி அடியில் போய், பந்து ஒரு கணம் உள்ளங்கையில் ஓய்ந்தால் அது பிடித்தது, அதாவது கேரி. அந்த ஒரு கணம் எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆலன் ஐவர்சன் 1996-97இல் என்.பி.ஏ.வுக்கு வந்து, பந்தை இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் வெட்டியபோது, அது கேரி என்று நடுவர்கள் கெடுபிடி செய்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். இன்று பள்ளிப் பையன்கள்கூட அப்படித்தான் வெட்டுகிறார்கள், எங்கள் குடியிருப்பின் சட்ட நிபுணர் உட்பட.

2017இல் நடந்ததுதான் என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது. சர்வதேச சம்மேளனமான ஃபிபா அந்த ஆண்டு டிராவலிங் விதியைத் திருத்தியது. அதற்கு முன்னால், ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது தரையில் எந்தக் கால் இருக்கிறதோ அதுவே கணக்கின் தொடக்கம். அந்தக் காலைத் தூக்கலாம், ஆனால் பந்து கையில் இருக்கும்போது மறுபடி கீழே வைக்கக்கூடாது. திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கால் பூஜ்யம். அதன்பின் வைக்கும் அடிதான் ஒன்று, அடுத்தது இரண்டு. அதுவரை சரி. நான் கண்ணை மூடி அந்த அரையிறுதியை ஓட்டிப் பார்த்தேன். அவன் வலப்பக்கமிருந்து ஓடி வருகிறான், பந்தை எறிந்தவன் நான்தான், இடது கால் தரையில் இருக்கும்போது பிடிக்கிறான், வலது, இடது, எறிகிறான். பூஜ்யம், ஒன்று, இரண்டு. 2008இல் அது குற்றம். 2017க்குப் பிறகு விசிலே ஊத மாட்டார்கள். 1891இலும் ஊதியிருக்க மாட்டார்கள், ஓடிவந்து பிடிப்பவனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னவர் நைஸ்மித். நடுவே வந்த விதிக்குள் வந்து மாட்டிக்கொண்டவன் அவன். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாங்கள்.

என் ஞாபகம் எவ்வளவு நம்பகமானது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டு அடிகளும் பஸ்ஸில் நான் சொன்ன வாக்கியமும் ஒரே தெளிவோடுதான் நிற்கின்றன.

பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய், பாலம் ஏறி, லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன். பாலத்திலிருந்து பார்த்தால் ஏரியில் கம்புகள் வரிசையாக நட்டிருப்பது தெரிந்தது. நண்பன் தெருமுனையில் நின்றிருந்தான். "இன்னா மச்சான், பதினஞ்சு வருசம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?" அவன் இப்போது மீனுக்கு ஐஸ் கொண்டுவந்து கொடுக்கும் தொழில் செய்கிறான். இரண்டு வண்டி வைத்திருக்கிறான். திண்ணையில் அவனுடைய அப்பா நைலான் வலையைப் பிரித்துப் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று அவரிடம் ஏரியில் நட்ட கம்புகளைப் பற்றிக் கேட்டேன். "அது ஏரிக்காரங்க கணக்கு தம்பி. பாடு. நாங்க கடல்காரங்க" என்றார். பிறகு விளக்கினார். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி படாது. முகத்துவாரத்தை ஒட்டின இடங்களில் இறால் நன்றாகப் படும். அதனால் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளைக்கு அதை விட்டுவிட்டு நகர வேண்டும். "எவனும் ஒரே எடத்துல குந்திக்க முடியாது" என்றார்.

நான் உற்சாகமாகிவிட்டேன். நைஸ்மித்தின் மூன்றாவது விதிக்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தொடங்கினேன். நண்பன் குறுக்கே வந்தான். "ரொம்ப எளகாத. முறை இருக்கறது தலைக்கட்டுல பேர் இருக்கறவனுக்கு. பேரு இல்லாதவன் சீட்டே எடுக்க முடியாது. அந்தச் சண்டை எத்தினி வருசமா நடக்குது தெரியுமா? இருளருங்க தண்ணியில எறங்கி கையால தடவி எறால் புடிக்கறாங்க, அவங்களுக்கு எது பாடு?" அவன் அப்பா முடிச்சிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் சொல்றதும் சரிதான்" என்றார்.

சாப்பிட்ட பிறகு கடற்கரைக்கு நடந்தோம். கம்பம் இருந்த இடத்தைக் காட்டினான். நான் பூஜ்ய அடியைப் பற்றிச் சொன்னேன், 1891ஐப் பற்றியும் சொன்னேன், மணலில் கால் பதித்து நடந்தே காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப நான் நூறு வருசம் முன்னாடி பொறந்திருக்கணும், இல்ல ஒம்போது வருசம் லேட்டா ஆடியிருக்கணும். அதான சொல்ற?"

"அது டிராவல் இல்லடா. இன்னைக்கு இல்ல."

"அன்னைக்கு டிராவல்தான். ரெஃப்ரி சரியாத்தான் ஊதினாரு." கொஞ்சதூரம் பேசாமல் நடந்தான். "விசிலுக்காவா நான் வரல? நான் தூங்கல மச்சான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் தமிழில் வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு சங்கடமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "தப்புடா" என்றேன். அவன் "சரி உடு" என்றான். அது மன்னித்ததா, பேச்சை முடித்ததா என்று எனக்குப் புரியவில்லை. இன்னொரு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. பிடித்தால் விடாத கை அந்த அணியில் ஒன்று இருந்தது. அது அவனுடையது இல்லை.

ஊருக்குள் திரும்பும் வழியில் மீன் ஏலம் விடுகிற சிமெண்ட் தளம். கழுவிவிட்ட ஈரம் இன்னும் காயவில்லை. அவன் மகன், ஆறாவது படிக்கிறான், தனியாக ஒரு ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். கால்களுக்கு நடுவே வெட்டினான், முதுகுக்குப் பின்னால் மாற்றினான். என்னைவிட நன்றாகத் தட்டினான். ஆனால் கை பந்தின் அடியில் போனது. நான் அதைச் சொல்லவில்லை.

முன்னால் பாய்ந்து வந்தவன் தளத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டான். பந்து மணலில் விழுந்து அப்படியே நின்றது. இரண்டு கையாலும் அள்ளி எடுத்தான், ஒரே தாவலில் தளத்துக்கு ஏறி மறுபடி தட்டத் தொடங்கினான்.

"டபுள்!" நண்பன் இரண்டு உள்ளங்கையையும் ஆட்டிக் காட்டினான்.

"பந்துதான்ப்பா செத்துப்போச்சு. நான் எங்க நிறுத்தினேன்?"

"ரெண்டு கையால எடுத்தியா இல்லியா?"

"மணல்ல வுழுந்தா வேற எப்பிடி எடுக்கறது?" பையன் என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க மாமா. புக்குல என்ன போட்டிருக்கு?"

நான் ஃபோனை எடுத்து டிரிப்ளிங் பகுதியைத் தேடினேன். இருபத்து நான்காவது பிரிவு. குனிந்து படித்துக்கொண்டிருக்கும்போது நண்பன் மகனிடமிருந்து பந்தை வாங்கி, கடலைப் பார்த்தபடியே என் பக்கம் எறிந்தான். நெஞ்சில் பட்டு மணலில் விழுந்தது.

"இப்ப யாரு பந்து?" என்றான் பையன்.